ராக்கியண்ணன் மேல் நின்ற மேகம்

வெள்ளைக்கரடு என்கிற கல்குன்று முழுக்கத் தீர்ந்துபோன மூன்றாம் வருஷம், ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள் காலையில், மேற்கேயிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்த ஒரு மேகம் எங்கள் ஊரின் மேல் வந்ததும் வேகம் குறைந்து, எதையோ தொலைத்தவர் தேடுவதைப் போல இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் ராக்கியண்ணன் வீட்டு ஓட்டின் மேல் தாழ இறங்கி நின்றுவிட்டது. நின்றதோடு விடாமல் பெய்யவும் பெய்தது. ராக்கியண்ணன் அப்போது வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பாவாயி ஓடிவந்து கட்டிலோடு அவனை உள்ளே இழுத்துப் போட்டாள். மேகமும் அதே அளவு உள்ளே நகர்ந்து நின்றது.

எங்கள் கல்லாங்காட்டுப்புதூரில் யாரும் இதற்குப் பெரிதாக வாய் பிளக்கவில்லை. கரடு இருந்த காலத்தில் மேகங்கள் அதன் மேல் வந்து நின்று, நாலு தூறலாவது போட்டுவிட்டுத்தான் கிழக்கே போகும். மேகத்துக்கு வழி தெரியும், கரடு போன சங்கதி தெரியாது. அது எங்கே போனது என்று எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம். வெடி வைத்து உடைத்து, மில்லில் போட்டு அரைத்து, சலித்து, மூட்டை கட்டி, ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் என்று லாரி லாரியாக ஏற்றி அனுப்பினோம், மூட்டையில் ஏறாத மிச்சம் அரைத்தவர்கள் நெஞ்சுக்குள் ஏறியது. ராக்கியண்ணன் இருபத்திரண்டு வருஷம் சல்லடைக்குப் பக்கத்தில் நின்றவன். ஆக மேகம் ஒன்றும் தப்பாக நிற்கவில்லை, இடம் மாறிப்போன கரட்டைத் தேடிப் பிடித்து நின்றது, அவ்வளவுதான்.

கரடு தீர்ந்தாலும் மில் நிற்கவில்லை. வேறு ஊர்க் கரட்டை உடைத்து லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். அரைத்த கல் மாவு முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லிசாக இருக்கும், மில்லுக்குள் எப்போதும் வெள்ளையாகப் பறந்துகொண்டே இருக்கும், ஐந்து மணிக்குச் சங்கு ஊதி வெளியே வருகிறவர்களில் யார் மாமன் யார் மச்சான் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மில் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. வேப்பிலை வெள்ளை நிறம் என்று நினைத்தே எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

ஆனால் எங்களுக்குப் பயம் இல்லை, ஏனென்றால் எங்களுக்கு வெல்லம் இருந்தது. சங்கு ஊதினதும் வாசலில் கூடையோடு ஆள் நிற்பான், தலைக்கு ஓர் உருண்டை. அதை வாயில் போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் பகலெல்லாம் இழுத்த தூசி வெல்லத்தில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்கு இறங்கி, காலையில் வெளியே போய்விடும் என்பது மில் தொடங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தொண்டை இதமாக இருக்கும், அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட, பையன் வேலை பார்க்கிற மில்லில் தினமும் வெல்லம் தருகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். இருமல் வந்தவனைப் பார்த்து, வெல்லத்தை ஒழுங்காகத் தின்றிருக்க மாட்டான் என்போம். ராக்கியண்ணன் ஒரு நாள்கூடத் தின்னாமல் இருந்ததில்லை.

அவன் ஒரே ஒரு தடவை மட்டும் மேனேஜரிடம் போய்ப் பேசியிருக்கிறான், அதுவும் கல்யாணமான புதிதில். அரைக்கிறதுக்கு முன்னால் கல்லில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்குமே என்று கேட்டான். மேனேஜர் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லித்தான் பதில் சொன்னார். "நனைஞ்சா மாவு சல்லடையில எறங்காது ராக்கியண்ணா. நீ வேணும்னா ரெண்டு உருண்டையா எடுத்துக்க" என்றார். அன்றிலிருந்து அவனுக்கு மட்டும் இரண்டு உருண்டை. இருபது வருஷம் கழித்து அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தபோது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டி.பி. என்று எழுதி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் இன்னொரு ஆறு மாதம் கொடுத்தார்கள், நர்ஸம்மா மாத்திரையை ஒளித்துவைத்து ஏமாற்றுகிறாயா என்று திட்டினார். அவன் வீட்டோடு இருந்துவிட்டான். பாவாயி மட்டும் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலிச் சாக்குகளை மறுபடி பயன்படுத்துவதற்காக உதறிக் கொடுப்பது அவள் வேலை.

மேகத்துக்கு வருவோம். முதல் வாரம் பாவாயி வீட்டுத் துணி காயவில்லை, அதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் வாரம், கரட்டில் மேய்ந்து பழகிய ஆடுகள் பட்டிக்குப் போகாமல் அவன் கட்டிலைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. ஒரு கௌதாரி கட்டிலுக்கடியில் நாலு முட்டை இட்டு அடைகாக்க ஆரம்பித்தது. கரட்டு உச்சியிலிருந்து இறக்கி ரோட்டோரமாக நட்டுவைத்திருந்த முனியப்பன் கல்லை, பூசாரி யாரையும் கேட்காமல் ராக்கியண்ணன் வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "சாமி எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கந்தான் நாம வெக்கோணும்" என்றார். அமாவாசைக்கு வெளியூரிலிருந்து நாலைந்து பேர் வந்து கட்டிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வாழைப்பழச் சீப்பையும் வெல்லத்தையும் அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றினவர்களை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, வந்த வெல்லத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் வாரத்தில்தான் எங்கள் புத்தி வேலை செய்தது. ஆள் இருக்கிற இடத்தில் மழை என்றால், ஆளை நகர்த்தினால் மழையும் நகரும். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துக்கொள்கிற ஊர் எங்களுடையது, மழைக்கும் முறை வைத்தோம். டெம்போ என்னுடையது. அத்தப்பன் டெம்போ என்றால் இந்தப் பக்கம் தெரியும். காலையில் அவனைக் கட்டிலோடு தூக்கி அதில் ஏற்றி, ஒருநாள் வடக்குத் தோட்டம், ஒருநாள் ஓடையோரம், ஒருநாள் என் இரண்டு ஏக்கர் என்று இறக்கி வைப்போம், மேல் நனையாமல் தார்ப்பாயும் கட்டுவோம். மானாவாரிக் கடலைச் செடி அந்த வருஷம் வந்ததைப் போல நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன், அதை இப்போது எழுதும்போதுதான் கை கூசுகிறது.

அவன் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"கரடு இருந்தப்ப நாம கேட்டா மழை பேஞ்சுது? அது பாட்டுக்குப் பேஞ்சுது" என்றான் ஒரு தடவை, என் வரப்பில் உட்கார்ந்து. அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நாலு தடவை நின்று மூச்சு எடுத்தான். பிறகு, "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தப்பா. பாவாயி மட்டும் அந்தச் சாக்கு ஒதர்ற வேலைய விட்டுட்டாப் போதும். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறா. நீயாச்சும் சொல்லு" என்றான்.

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன், வழியில் பார்த்தபோது ஒரு வார்த்தை. அவள் சிரித்துவிட்டு, "அவரு எந்திரிச்சு நடக்கட்டுங்கண்ணா, அன்னைக்கே நின்னுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மூக்கின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு மில்லுக்குள் போனாள்.

ஆவணி பாதியானதும் அவனால் படுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று தலையணையின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தே தூங்கினான். உதடு நீலம் பாரித்தது. பாவாயி ஒரு சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் நாங்கள் கூடியிருந்த இடத்துக்கு வந்து, டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோக வேண்டும், டெம்போ வேண்டும் என்று கேட்டாள். கடலைச் செடி பூ விட்டு விழுது இறங்குகிற நேரம் அது. அந்த நேரத்தில் மண் காய்ந்தால் விழுது மண்ணுக்குள் போகாது, காய் பிடிக்காது, செய்ததெல்லாம் வீண்.

"பதினஞ்சு நாளு பொறுத்துக்கம்மா. விழுது எறங்கிட்டா நாங்களே தூக்கிட்டுப் போறம்" என்றார் பூசாரி.

"எல்லாரும் அவனுக்காவ வேண்டிக்கறமல்ல" என்றார் இன்னொருவர்.

பாவாயி என்னைப் பார்த்தாள். "டெம்போ உங்களுதுங்களேண்ணா" என்றாள்.

"பதினஞ்சு நாளுதானம்மா" என்றேன் நான். அதைவிடக் கேவலமான வார்த்தை ஒன்றை என் வாழ்நாளில் நான் பேசினதில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஆறரை மணி பஸ்ஸை அவளே நிறுத்தினாள். அவனைத் தோளில் சாய்த்து, ஆடுகளை விலக்கி, ரோடு வரைக்கும் முந்நூறு அடியைப் பதினேழு இடத்தில் உட்கார்ந்து எழுந்து கடந்தார்களாம். கண்டக்டர் மேலே பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிடச் சொன்னார், அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பஸ் புறப்பட்டது. ஒரு மாதமாக எங்கள் ஊர் மேல் நின்ற மேகம் மெதுவாக எழும்பி, பஸ்ஸுக்கு மேலே, பஸ்ஸின் வேகத்துக்கு, கிழக்கே போனது. நாங்கள் டீக்கடை முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, அது மட்டும்தான் அன்றைக்கு எங்களுக்கு மிஞ்சிய மரியாதை.

பெரிய மேகம் விலகினதும்தான் அதற்குக் கீழே இருந்தவை கண்ணுக்குத் தெரிந்தன.

மூட்டை தைக்கிறவள் வீட்டு ஓட்டின் மேல் முறம் அளவுக்கு ஒன்று. ஜல்லி உடைக்கிற மிஷினில் நிற்கும் அண்ணன் தம்பி வீட்டின் மேல், ஒரே கூரைக்கு இரண்டு. வெல்லக் கூடைக்காரன் வீட்டில் ஒன்று. மில் மேஸ்திரியின் மாடி வீட்டின் மேல் பாய் அளவுக்கு ஒன்று. அவர் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார், பிறகு குடையை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் சின்னச் சின்ன மேகங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆளின் மேல், ஆள் நடந்தால் நடந்து, நின்றால் நின்று. நாங்கள் எண்ணினோம். பதின்மூன்று வந்தது. டீக்கடைக்காரர் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே, "பதினாலுங்க" என்றார்.

நான் நாலு வருஷம் அந்த மில்லில் லோடு ஏற்றினவன். டெம்போ வாங்கி, நிலம் வாங்கி, விவசாயி ஆகி, மில்லை மறந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. மாடி ஏறினால் இளைக்கும், பீடியால் என்று வைத்திருந்தேன். சட்டைக் காலருக்குள் முதல் துளி விழுந்தபோது குளிர்ந்தது. பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பாவாயி பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாராம். எந்த ஆஸ்பத்திரியிலும் அதுவரைக்கும் ராக்கியண்ணனை ஒருவரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. கல் மாவு மில் என்று அவன் சொன்னதும், டி.பி. என்று எழுதியிருந்த பழைய சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, புதுச் சீட்டில் சிலிக்கோசிஸ் என்று எழுதி, அதைத் தமிழிலும் வாசித்துக் காட்டினாராம். கல்தூசு நோய். உள்ளே போன கல் வெளியே வராது, மூச்சுக்குக் காற்று வைக்கலாம், வலியைக் குறைக்கலாம், அதற்கு மேல் மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாராம்.

"தெனமும் ரெண்டு உருண்டை வெல்லம் தின்னனுங்களே" என்றிருக்கிறான் ராக்கியண்ணன்.

"வெல்லம் போறது வயித்துக்குங்க. தூசி போறது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் வழி வேற. வெல்லம் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது" என்றிருக்கிறார் அந்த அம்மா.

அவன் பாவாயி பக்கம் திரும்பி, "ஏம் புள்ள, நீயுந்தான் தின்னுட்டிருக்கற" என்றானாம். சாகிற வரைக்கும் அதற்குப் பிறகு அவன் பேசியது அதை ஒட்டித்தான், வேலையை விட்டுவிடு, விட்டுவிடு என்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் இறந்துபோனான்.

ஆம்புலன்ஸின் மேலேயே மேகமும் திரும்பி வந்தது. எங்கள் சுடுகாட்டில் அவனை அடக்கம் செய்தோம், எரிக்க நினைத்திருந்தாலும் அந்த மழையில் தீ பற்றியிருக்காது. கல் சாவதில்லை என்பதால் மேகம் அங்கேயே நின்றுவிட்டது, இன்றைக்கும் நிற்கிறது. கிழக்கே போகிற மேகங்கள் அதைப் பார்த்து நின்று, ஊர் முழுவதும் பெய்துவிட்டுப் போகின்றன. விழுதும் இறங்கியது, காயும் பிடித்தது, மூட்டை மூட்டையாகக் கடலை வீட்டுக்கு வந்தது. நாங்கள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அந்த வருஷக் கடலையை எங்கள் ஊரில் யாரும் வறுத்துத் தின்னவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பும்போது, பெரிய மேகத்தின் எல்லையைத் தாண்டின பிறகும் பாவாயியின் தலைமேல் மட்டும் தூறிக்கொண்டே இருந்தது. கைக்குட்டை அளவுதான் இருக்கும். எல்லோரும் பார்த்தோம், யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"தெரியுமுங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "ஆஸ்பத்திரி வாசல்ல டீ வாங்கப் போனப்பவே தெரிஞ்சுபோச்சு. டீயெல்லாந் தண்ணியாப் போச்சு."

காரியம் முடிந்த மறுநாள் காலை, எட்டு மணிச் சங்குக்கு, அவள் மூக்கின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு மில்லைப் பார்க்க நடந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. செத்தவன் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடச் செய்ய மாட்டாளா என்று பின்னாலேயே போனேன். அவள் சாக்குக் குடோனுக்குப் போகவில்லை. அரவைக்குக் கொட்டி வைத்திருந்த வெள்ளைக்கல் குவியலின் மேல் ஏறி, உச்சியில் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய மழை கல்லின் மேல் பெய்தது.

மேனேஜர் வெளியே வந்தார். "பாவாயி, நனைஞ்சா மாவு எறங்காதும்மா. கீழ வா" என்றார். குரலில் கோபம் இல்லை.

"தெரியுமுங்க சார். இருவது வருசத்துக்கு முன்ன அவரு வந்து கேட்டப்பவே சொன்னீங்க" என்றாள். இறங்கவில்லை.

கைக்குட்டை அளவு மழை எவ்வளவு கல்லை நனைக்கும்? குவியலின் நெற்றி மட்டும் நனைந்தது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வாசலில் நின்றேன், டெம்போவைக் கேட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை ஞாபகத்துக்கு வந்தது, இந்த முறையும் பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியலில் ஏறி அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூட்டை தைக்கிறவள் வந்தாள். அண்ணன் தம்பி மிஷினை விட்டு இறங்கி வந்தார்கள். வெல்லக் கூடைக்காரன் கூடையோடு வந்து உட்கார்ந்தான். மத்தியானத்துக்கு மேல் மேஸ்திரி வந்தார், பாய் அளவு மேகம் அவருடையது, அவர் ஏறி உட்கார்ந்ததும் மழை வலுத்தது. பதினைந்து பேர். யாரும் கோஷம் போடவில்லை. பேசிக்கொள்ளக்கூட இல்லை, ஆளுக்கு ஆள் மூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று மணிக்குச் சல்லடை அடைத்துக்கொண்டது. மிஷினை நிறுத்தினார்கள். பறந்துகொண்டிருந்தது எல்லாம் மெல்லத் தரையில் படிந்தது, மில்லின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை தெரிந்தது, வாசல் வேப்பமரம் மேலிருந்து கீழாகக் கழுவிக்கொண்டு பச்சையாக நின்றது. ஐந்து மணிக்குப் பழக்கத்தில் சங்கு ஊதியது. கூடையிலிருந்த வெல்லத்தை யாரும் எடுக்கவில்லை. அது மழையில் கரைந்து, பழுப்பாகக் கல்லுக்குள் இறங்கிப் போனது. பாவாயி மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

பதினொரு நாள் உட்கார்ந்தோம். முதலாளி டவுனிலிருந்து காரில் வந்து பார்த்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், போனார். பன்னிரண்டாம் நாள் பைப் இறக்கினார்கள். இப்போது உடைக்கிற இடத்திலும் கொட்டுகிற இடத்திலும் தண்ணீர் தெளிக்கிறது, அரவைக்கும் சல்லடைக்கும் இரும்பு மூடி போட்டு, தூசியை உறிஞ்ச ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள், சாக்கை யாரும் உதறுவதில்லை. எங்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி உள்ளே போனது போனதுதான். பதினைந்து பேரில் நாலு பேர் ராக்கியண்ணனுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார்கள், சுடுகாட்டு மேகம் கொஞ்சம் அகலமாகிவிட்டது. என் மேகமும் போன வருஷத்தைவிட ஒரு சாண் வளர்ந்திருக்கிறது.

பாவாயி இன்னமும் தினம் மில்லுக்கு வருகிறாள், வாசலோடு சரி. வேப்பமரத்தடியில் தூறலில் நனைந்துகொண்டே நின்று, காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, அவர்கள் தலைக்கு மேலே ஆகாயத்தைப் பார்க்கிறாள். அவசரமே கிடையாது. நேற்று பேக்கிங்குக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சோற்றுப் போசியோடு வந்தாள். பாவாயி அவள் தாடையைப் பிடித்து நிறுத்தி, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் இல்லை, வெறும் நீலம்.

"போ சாமி" என்றாள்.